வாயில்லா உயிருக்கு வரன் தேடுமுன்

சீவக சிந்தாமணியில், நம் இல்லத்துச் சிறு பிள்ளைகளும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. சினங்கொண்டோர் அடித்த அடியால் குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாயின் உயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு உற்றுழி உதவுகிறது. நாயின் உடலில் உறைவதும் உயர்நிலை எய்துதற்குரிய ஓர் உயிரே என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலாது. இக்கதையை நாம் பெருமிதத்துடன் சொல்லி வருகிறோம், சொல்லவும் வேண்டும்.

ஆயினும், தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாயின்பால் இரக்கம் கொள்வது எளிது. அங்கே துன்பம் கண்முன் நிற்கிறது. அதனைச் செய்தவன் வேறொருவன். நம் வீட்டுத் திண்ணையில் உறங்கும் நாய்க்கு, நாம் அதன்மீது கொண்ட அன்பின் பெயராலேயே, நம் கையாலேயே துன்பம் விளையக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வாறு எண்ண வேண்டிய நிலை எங்களுக்கு ஒருமுறை நேர்ந்தது. அதனை முன்வைத்து, சிறிய நாய்களுக்கு இணை தேர்ந்து குட்டி எடுப்பதில் அடங்கியுள்ள அறக் கேள்வியைச் சிந்திக்க விழைகிறோம்.

எங்கள் இல்லத்தில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் மல்லி என்றொரு வெள்ளைப் பொமரேனியன் பெட்டை நாய் வளர்ந்து வந்தது. எடை 3 கிலோவுக்குச் சற்றே மிகுதி. அது பருவத்திற்கு வந்தபோது, ஒரு முறையேனும் தாய்மை அடையட்டும் என்று எங்களுக்குள் ஓர் ஆசை எழுந்தது. எதிர்வீட்டில் அதே வெள்ளை நிறத்தில் ஒரு கடுவன் நாய் இருந்தது. எடை 7 கிலோவுக்குக் குறையாது. அவ்வீட்டார் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்து, "பிரமாதமான ஜோடி!" என்றனர். எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது. ஊரில் 'கிராசிங்' என்று வழங்கும் அச்செயல், எவ்வித விசாரணையுமின்றி, ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. ஈற்றில் ஒரு குட்டி அவர்களுக்கு, எஞ்சியவை எங்களுக்கு என்பது பேச்சு.

அறுபத்திரண்டாம் நாள் இரவு மல்லி முக்கத் தொடங்கியது. இயற்கை தன் வழியைத் தானே அறியும் என்று நாங்கள் விளக்கைத் தணித்துவிட்டுக் காத்திருந்தோம். விடியற்காலையிலும் குட்டி வெளிவரவில்லை. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, வயிற்றில் ஒரே குட்டிதான் என்றும், அது தாயின் இடுப்பெலும்பு வழி வர இயலாத அளவு பெரிதாக இருக்கிறது என்றும் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்தனர். மல்லி பிழைத்தது, குட்டி உயிரின்றி எடுக்கப்பட்டது.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடுவனின் எடை என்ன, பெட்டையின் வயது என்ன, வயிற்றில் எத்தனை குட்டிகள் என்று முன்பே படம் எடுத்துப் பார்த்தீர்களா என்று மூன்றே கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் நேரான விடை எங்களிடம் இல்லை.

வீடு திரும்பிய பின் மல்லி பல நாள் கட்டிலுக்கு அடியிலும் துணிக்கூடையிலும் எதனையோ தேடிக்கொண்டிருந்தது. அந்திக்கு முன் உணவு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியார் அதனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஏழு ஊர் விசாரித்தீர்கள். இந்த வாயில்லா ஜீவனுக்கு எதிர்வீட்டில்கூட ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே!" அச்சொல்லுக்கு மறுமொழி கூற எங்களால் இயலவில்லை.

பிரமாதம் என்னும் சொல்

"நாம் தீங்கு நினைக்கவில்லையே" என்பதே மனம் முதலில் தேடும் ஆறுதல். உண்மையில் நாங்கள் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் கொலைத்தீமைக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணத்தில் பகைமை என்னும் சொல் இல்லை. 'பிரமத்த யோகம்' என்னும் சொல்லே உள்ளது. விழிப்பற்ற மனம், மொழி, மெய்களின் செயலால் உயிருக்கு ஊறு விளைதலே இம்சை. விழிப்பின்மைக்குப் பிரமாதம் என்று பெயர். அன்றாடப் பேச்சில் நாம் எதனையேனும் புகழ வேண்டுமெனில் "பிரமாதம்!" என்கிறோம். எங்கள் வீட்டு வாசலில் அந்தக் காலையில் சொல்லப்பட்ட சொல்லும் அதுவே. புகழ்ச்சியாகச் சொன்னவர்கள் அறியாமலேயே, அந்தச் செயலின் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டனர்.

இதிலிருந்து மற்றொன்றும் தெளிவாகிறது. அன்று குட்டி நலமாகப் பிறந்திருந்தாலும் எங்கள் குற்றம் குற்றமே. விசாரியாமல் செய்த செயல் நற்பேற்றால் நன்றாக முடிந்திருக்கும், அவ்வளவே. விழிப்புடன் ஆவன அனைத்தும் செய்தும் ஓர் உயிர் இறக்க நேர்ந்தால் அது வேறு. பயனைக் கொண்டு செயலை அளப்பது வணிகக் கணக்கு. செயலில் இருந்த விழிப்பைக் கொண்டு அளப்பதே அறக் கணக்கு.

ஏற்றப்படும் பாரம்

இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. மாட்டு வண்டியில் அளவுக்கு மீறி மூட்டை அடுக்குவதையே மிகைப் பாரத்திற்கு எடுத்துக்காட்டாக நம் முன்னோர் கூறி வந்தனர். இன்று நம்மில் பலரிடம் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. ஆகவே இந்தக் குற்றம் நம்மைத் தீண்டாது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் 3 கிலோ எடையுள்ள உடலுக்குள் அது தாங்கவியலாத குட்டியை வளரச் செய்வது பாரம் ஏற்றுதல் அன்றி வேறென்ன? வண்டி மாட்டின் சுமையை இறக்கி வைக்கலாம். இச்சுமையை இறக்க அத்தாய்க்கு உள்ள வழி ஒன்றே, அவ்வழியும் குறுகியது.

எனவே சிறு நாய்க்கு இணை தேர்வதில் முதற்கண் நோக்க வேண்டியது உருவ அளவு. கடுவன், பெட்டையின் அளவினதாகவோ சற்றுச் சிறியதாகவோ இருத்தல் நன்று. அதற்காக மிகச் சிறியவை இரண்டைச் சேர்ப்பதும் தவறு. 'டீ கப்' நாய் என்று விளம்பரம் செய்து, ஈற்றில் மெலிந்து சிறுத்தவற்றையே மீண்டும் மீண்டும் இணை சேர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. அத்தகைய பெட்டைக்கு மகப்பேறே ஆபத்து. பிறக்கும் குட்டிகளோ, சில மணி நேரம் பால் தவறினாலும் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழும். மிகச் சிறிய பெட்டைக்குத் தகுந்த இணை எது என்று கேட்டால், இணை சேர்க்காதிருத்தலே என்பதுதான் விடை.

ஒரே குட்டி தரிப்பதும் சிறு இனங்களில் உள்ள இடர்களில் ஒன்று. இடம் முழுவதும் தனக்கே கிடைப்பதால் குட்டி பெரிதாக வளர்கிறது. ஈற்றுவலியும் உரிய நேரத்தில் தொடங்காமல் போகலாம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். 55 நாள் கடந்தபின் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் எண்ணிக்கை தெரியும். கடுமையாக முக்கத் தொடங்கி அரைமணி நேரம் கடந்தும் குட்டி வரவில்லையெனில் காத்திருத்தல் ஆகாது. நாங்கள் ஓர் இரவு முழுதும் காத்திருந்தோம்.

வயதும் பாரமே. சிறு நாய்கள் 6 முதல் 10 மாதத்திற்குள்ளேயே முதன்முறை பருவத்திற்கு வந்துவிடுகின்றன. ஆனால் தாமே இன்னும் குட்டிப் பருவத்தைக் கடக்கவில்லை. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு வெளியான விலங்குவதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கமும் விற்பனையும்) விதிகள், 18 மாதம் நிரம்பாத நாயையும், 8 வயது கடந்த பெட்டையையும் இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது என்றும், ஒரு பெட்டைக்கு வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் வரையறுத்துள்ளன. விற்பனைக்காக வளர்ப்போருக்கென அரசு கூறிய இந்த எல்லையை, விரதம் ஏற்ற இல்லங்கள் மீறலாமா?

மற்ற அதிசாரங்களும் இங்கே மறைந்து நிற்கின்றன. பெட்டை விரும்பாமல் உட்கார்ந்துகொண்டு உறுமுகிறது. அதன் வாயைத் துணியால் கட்டி, இருவர் பிடித்துக்கொண்டு காரியத்தை முடிக்கின்றனர். இது கட்டுதல். நல்ல விலை வந்தது என்று, தாய்ப்பால் மறவாத ஐந்து வாரக் குட்டியைப் பிரித்துக் கொடுக்கின்றனர். இது உணவைத் தடுத்தல். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று மேற்கூறிய விதிகளும் கூறுகின்றன.

குலமும் குருதியும்

தாயின் உடலுக்கு அடுத்தபடியாகப் பிறக்கப்போகும் குட்டிகளின் உடல் இருக்கிறது. இணையைத் தேர்பவர், அவை வாழ்நாள் முழுதும் குடியிருக்க வேண்டிய உடலையே தேர்கிறார். அவற்றிடம் நாம் கருத்துக் கேட்க இயலாது. ஆகவே அவற்றின் சார்பில் நாமே ஆராய்தல் வேண்டும்.

நிறமும் வடிவும் மாறாதிருக்க வேண்டும் என்று உடன்பிறந்தவற்றையும், தாயையும் மகனையும் இணை சேர்ப்பவர் உளர். உடன்பிறந்தவற்றின் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக 25 விழுக்காடு, இரு வழியாலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரட்டைப் படிகளாக அமைகின்றன. தந்தை ஒன்றாய்த் தாய் வேறானவற்றுக்கு 12.5 விழுக்காடு. இதனால் தலைமுறை தோறும் மறைந்து வந்த குறைகள் வெளிப்படுகின்றன. விழித்திரை படிப்படியாக நலிந்து பார்வை போகும் நோய் ஒன்று சிறு இனங்கள் பலவற்றில் உண்டு. அதன் மரபணுவை ஒரே ஒரு படியாகச் சுமக்கும் நாய் நலமாகவே வாழும். நமக்கு எதுவும் தெரியாது. அத்தகைய இரண்டைச் சேர்த்தால், குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று பார்வை இழக்கும். இன்று இதற்கு மரபணுச் சோதனை உண்டு, முன்பே அறிந்துகொள்ளலாம்.

அழகு என்று நாம் கருதுவதும் சில வேளை குறையாக முடியும். 'மெர்ல்' என்னும் சாம்பல் திட்டு நிறம் சிவாவா, டாஷண்ட் போன்ற இனங்களில் விரும்பி வாங்கப்படுகிறது. அந்நிறமுள்ள இரண்டைச் சேர்த்தால், அம்மரபணுவை இருபடியாகப் பெறும் குட்டிகளில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கின்றன. 2003 வாக்கில் தொலைக்காட்சியில் வந்த ஒரு கைப்பேசி விளம்பரத்திற்குப் பின் நம் நாட்டில் பக் நாய் மீது ஆசை பெருகியது. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரிதும் மூச்சிரைத்தே தணித்துக்கொள்ளும். மூக்கே தட்டையாக்கப்பட்ட நாய் நம் ஊர்க் கோடையில் படும் பாட்டை நேரில் கண்டவர் அறிவர்.

உலகம் இதனை உணரத் தொடங்கியுள்ளது. இங்கிலாந்தில் 2008-இல் வெளியான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம், நாய்க் கண்காட்சிகளில் பரிசு பெற்ற இனங்களின் மறைந்த நோய்களை வெளிக்கொணர்ந்தது. அதன் பின் 2009-இல் அந்நாட்டு நாய்ச் சங்கம், உடன்பிறந்தவையும் பெற்றவையும் பிள்ளைகளும் சேர்ந்து ஈன்ற குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்தியது. நார்வே நாட்டில் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் சிறு இனத்தைப் பற்றிய வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மூளைக்குப் போதிய இடம் தராத சிறிய மண்டையோடும், இதய வால்வு நோயும் அவ்வினத்தில் பரவியுள்ளன. அவற்றைத் தமக்குள்ளேயே இணை சேர்ப்பது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்திற்கு முரணானது என்று 2023-இல் தீர்ப்பு உறுதியாயிற்று. கருணையைப் பரம்பரைச் செல்வமாகப் பெற்ற நாம் இதில் பின்தங்குவது முறையாகுமா?

நம் கைக்கு எட்டும் சோதனைகளே பல உள. சிறு நாய்களில் மிகுதியாகக் காணும் முழங்கால் சில்லு நழுவும் குறையைக் கால்நடை மருத்துவர் கையால் தொட்டே கண்டறிவார். இணை சேர்க்கையால் பரவி மனிதரையும் தொற்றக்கூடிய புரூசெல்லா நோய்க்கு இரத்தச் சோதனை உண்டு. கடுவனின் பெற்றோரை நேரில் காணலாம்; முன்னர் அதனால் பிறந்த குட்டிகள் எவ்வாறு உள்ளன என்று அவற்றை வளர்ப்போரிடம் கேட்கலாம். அச்சமும் மூர்க்கமும் உள்ளதா என்று பார்க்கலாம். இவற்றிற்குத் தேவையானது சிறிது பணமும் சில நாள் பொறுமையுமே.

எழக்கூடிய ஐயங்கள்

"தெருநாய்கள் இவற்றையெல்லாம் பார்த்தா கூடுகின்றன?" என்று சிலர் வினவலாம். தெருநாய் தன் துணையைத் தானே தேர்கிறது. விரும்பாததைக் கடித்து விரட்டுகிறது. அதன் உடலையும் எவரும் தம் விருப்பத்திற்கேற்பச் சுருக்கவில்லை. நம் வீட்டு நாய்க்கோ நாம் கதவைச் சாத்தினோம். தேர்வை அதனிடமிருந்து எடுத்துக்கொண்ட நாம், தேர்வுக்குரிய பொறுப்பை மட்டும் இயற்கையின் தலையில் வைத்தல் நேர்மையன்று.

"அவ்வுயிர் தன் வினையைத் துய்க்கிறது, நாம் வெறும் நிமித்தமே" என்பது நம்மவரிடையே எழக்கூடிய மற்றோர் ஐயம். வினை அதனுடையதே, ஐயமில்லை. ஆனால் நிமித்தமாக நிற்பதா, விலகுவதா என்பது நம் கையில் உள்ளது. பிறர் வினையைக் காரணம் காட்டி நாம் விழிப்பிழக்கலாம் எனில், விரதங்களே தேவையற்றுப் போகும். அதன் வினை அதனைச் சாரும்; நம் பிரமாதத்தால் வரும் வினை நம்மையே சாரும்.

அனைத்திற்கும் முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. தக்க இணை எது என்று கேட்குமுன், இணை சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டல் வேண்டும். ஒருமுறையேனும் குட்டி ஈன்றால்தான் பெட்டை நலமாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. மருத்துவம் அதற்குச் சான்று கூறவில்லை. தாய்மை அடையட்டும் என்ற ஆசை மல்லியினுடையது அன்று, எங்களுடையது. பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இறுதிவரை காக்கும் இல்லம் உறுதியாகாத வரை, பருவ நாட்களில் பெட்டையைத் தனியே காப்பதே போதுமான அறம்.

கருத்தடை அறுவை செய்யலாமா என்று நம் குடும்பங்களில் தயக்கம் உண்டு. உறுப்பறுத்தல் அதிசாரம் அன்றோ என்று கேட்கின்றனர். விலங்கை நம் இன்பத்திற்காகச் சிதைப்பதும், கருப்பையில் சீழ் கட்டும் நோயினின்றும் வேண்டா ஈற்றுகளினின்றும் அதனைக் காக்க மருத்துவர் மயக்கம் தந்து செய்யும் சிகிச்சையும் ஒன்றாகா என்பது நம் கருத்து. இதில் அவரவர் மருத்துவரையும் மனச்சான்றையும் கேட்டு முடிவு செய்தல் தகும். முடிவு செய்யாமலே நாட்களைக் கடத்துவதுதான் தகாதது.

நிறைவாக

மல்லி அதன்பின் பல ஆண்டுகள் எங்களுடன் வாழ்ந்து முதுமையில் மறைந்தது. மீண்டும் நாங்கள் அதற்கு இணை தேடவில்லை. அதன் வயிற்றில் இருந்த தழும்பின் மேல் முடி சரியாக வளரவே இல்லை. மடியில் மல்லாந்து படுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். தன்னை அந்நிலைக்கு ஆளாக்கிய கைகளைத்தான் அது நக்கிக்கொண்டிருந்தது.

சீவகன் நாயின் செவியில் மந்திரம் ஓதியது அது இறக்கும் தறுவாயில். நமக்கு வாய்த்திருப்பதோ, அது வாழும் காலம் முழுவதும். ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிரை நம் வாசலுக்குள் கொண்டுவந்தோம். அதற்கு வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. ஆகவே அதன் சார்பில் அச்சொல்லைச் சொல்ல நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இணை சேர்க்க எவரேனும் நாய் கேட்டு வந்தால், எடையைக் கேட்போம், வயதைக் கேட்போம், குலத்தைக் கேட்போம், நோயைக் கேட்போம், பிறக்கும் குட்டிகளுக்கு வீடு உண்டா என்று கேட்போம். ஒன்றுக்கு விடை இல்லையெனினும் கைகூப்பி மறுத்துவிடுவோம்.

விழிப்புடன் வாழ்வோம். கொல்லாமை அறம் ஓங்குக!